உடையாள் காட்டாத வழி

காரைக்குடியிலிருந்து திண்டுக்கல் மாவட்டத்து விருப்பாட்சி வரை மிதிவண்டியில் போய்வருவதென்று நாமும் நண்பர்கள் மூவரும் உறுதி செய்துகொண்டு ஆறு மாதங்களாகின்றன. நால்வருமே அறுபதைக் கடந்தவர்கள். ஒருவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், நகரத்தார் குலத்தவர். ஒருவர் நாற்பதாண்டுகளாக மிதிவண்டிப் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் துணி வணிகர். இந்த நால்வர் அணி ஒரு மாலைப்பொழுதில் தேநீர் அருந்திக்கொண்டே எடுத்த முடிவு, வீட்டாரின் காதுகளுக்கு எட்டியபோது எழுந்த சிரிப்பொலி இன்னும் அடங்கியபாடில்லை. "இந்த வயசுல சைக்கிள்ல திண்டுக்கல்லா? பஸ்ஸுக்குக் காசு இல்லையா?" என்பதே எல்லா இல்லங்களிலும் ஒரே குரலாய் எழுந்த கேள்வி.

பேருந்தில் போனால் அரை நாள் வேலைதான். ஆனால் நாம் போக நினைப்பது ஓர் ஊருக்கு அன்று, ஒரு வழிக்கு. 1772-ஆம் ஆண்டு சூன் திங்களில், கணவரைப் போர்க்களத்தில் பறிகொடுத்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், சிறுமியான தம் மகள் வெள்ளச்சியுடனும், அமைச்சர் தாண்டவராய பிள்ளையுடனும், மருது சகோதரர்களுடனும் காளையார்கோவில் காட்டுப் பகுதியிலிருந்து விருப்பாட்சிக்குச் சென்ற வழி அது. எட்டாண்டுகள் கழித்து, 1780-இல், படையோடு திரும்பிவந்து தம் நாட்டை மீட்டதும் அந்தத் திசையிலிருந்துதான். செட்டிநாட்டுச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த வழியை ஒருமுறையேனும் உடல் நோக அளந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. நடக்க முடியாது, வயது இடம் தராது. வண்டியில் போனால் ஒன்றும் தெரியாது. மிதிவண்டியே நடுவழி.

பயணத்துக்குத் திட்டமிடுவோர் முதலில் செய்வது படத்தை விரித்து வைத்துக் கோடு இழுப்பது. நாமும் அதைத்தான் செய்தோம். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அந்தச் சிக்கலைச் சொல்லுமுன் 1772-இன் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நினைவூட்டிக்கொள்வது நலம்.

அப்போது ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் முகம்மது அலி வாலாஜா. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையோடு அரியணை ஏறியவர். அந்தத் துணைக்கு விலையாகப் பெருங்கடனில் மூழ்கியவர். கடனை அடைக்கத் திறைப்பணம் வேண்டும். திறைப்பணம் வேண்டுமானால் தென்பாண்டிச் சீமையின் மறவர் அரசுகள் பணிய வேண்டும். 1772 சூன் தொடக்கத்தில் இராமநாதபுரம் வீழ்ந்தது. சிறுவரான முத்துராமலிங்க சேதுபதி சிறைப்பட்டார். அடுத்த இலக்கு சிவகங்கை. ஒரு பக்கமிருந்து ஜோசப் ஸ்மித்தின் படையும் மறு பக்கமிருந்து பாஞ்சோரின் படையும் நெருங்க, சூன் 25-ஆம் நாள் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதப் பெரிய உடையாத் தேவர் கொல்லப்பட்டார். சிவகங்கைக்கு உசேன் நகர் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது.

இந்த இடத்தில் நம் வாசகர்களுள் சிலருக்கு நெஞ்சு சற்றே உறுத்தக்கூடும். உசேன் நகர் என்ற பெயரைப் படிக்கும்போது நமக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலை மறைத்துக்கொண்டு வரலாறு பேசக் கூடாது. நவாபு முகம்மது அலி நம் சமயத்தவர். திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. நம்மில் பலர் அங்கே சென்று வந்திருப்போம். அவர்தாம் சிவகங்கையின் மீது படை ஏவியவரும். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1764 அக்டோபர் 15-இல், மதுரையில் கான்சாகிபு என்னும் முகம்மது யூசுப்கானைத் தூக்கில் ஏற்றியதும் அவருடைய ஆணையே. கான்சாகிபும் நம் சமயத்தவர். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்த தமிழர். நாச்சியாருக்குக் கை கொடுத்த ஹைதர் அலியும் நம் சமயத்தவர். அந்நாளின் வாள்கள் மதம் பார்த்து உறையிலிருந்து வெளிவரவில்லை. சிவகங்கை வரலாற்றை ஆவணங்களோடு எழுதியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க எஸ். எம். கமால் அவர்கள், தம் 'சீர்மிகு சிவகங்கைச் சீமை'யில் நவாபுக்காக வாதாடவுமில்லை, ஹைதருக்காக முரசறையவுமில்லை. அந்த நேர்மையை நாம் மிகவும் மதிக்கிறோம்.

இனி வழிக்கு வருவோம்.

மன்னர் வீழ்ந்த செய்தி எட்டியபோது நாச்சியார் கொல்லங்குடியில் இருந்தார் என்பது மக்கள் வழக்கு. அங்கிருந்து அவர் தப்பிச் சென்றார். தேடிவந்த படையினர், ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த உடையாள் என்ற பெண்ணைப் பிடித்து, அரசி போன வழியைக் கேட்டனர். அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. வெட்டுண்டு இறந்தாள். வெட்டுப்பட்ட அந்த உடையாளின் நினைவாகவே அரியாக்குறிச்சியில் வெட்டுடையார் காளி கோவில் எழுந்தது என்றும், நாட்டை மீட்டுத் திரும்பிய நாச்சியார் தம் தாலியை அங்கே காணிக்கையாக்கினார் என்றும், தம் பெண்கள் படைக்கு உடையாளின் பெயரையே இட்டார் என்றும் அந்தப் பக்கத்தார் சொல்வர். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்த செய்தி இது. சிவகங்கை–தொண்டிச் சாலையை ஒட்டிய அந்தக் கோவிலுக்கு வெள்ளி, செவ்வாய்க் கிழமைகளில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், மக்கள் மனத்தில் அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை அறிவர்.

படத்தை விரித்துவைத்து எழுதுகோலைக் கையில் எடுத்தபோது ஆசிரியர் நண்பர் மெல்லச் சொன்னார்: "பாய், ஒருத்தி உயிரைக் கொடுத்து மறைத்த வழியை, இருநூற்றைம்பது வருஷம் கழித்து நாம் நாலு பேர் உட்கார்ந்து கோடு போட்டுக் காட்டப் போகிறோமா?"

எழுதுகோல் அப்படியே நின்றுவிட்டது.

உண்மைதான். படையெடுத்துச் செல்கிறவன் தன் வழியை நாட்குறிப்பில் எழுதுவான். எத்தனை கல் நடந்தான், எங்கே கூடாரம் அடித்தான் என்று மேலதிகாரிக்கு மடல் விடுப்பான். ஓடி ஒளிகிறவர்கள் வழியை அழித்துக்கொண்டே போவார்கள். பாதச் சுவடு தெரியக் கூடாது. தங்கிய குடிசைக்காரன் பெயர் வெளியே வரக் கூடாது. தெரிந்தால் அவனுக்கும் உடையாளின் கதிதான். எனவே நாச்சியார் வழி என்று ஒற்றைக் கோடு வரைவதில்லை என்று அன்றே தீர்மானித்தோம். ஆனால் இரு முனைகளும் உறுதியாகத் தெரிந்திருக்கும்போது, இடையிலுள்ள நிலமும் அந்நாளைய அரசுகளின் நிலைமையும் தெரிந்திருக்கும்போது, எந்தப் பக்கம் போயிருக்க முடியாது என்று சொல்லலாம் அல்லவா? அந்த ஆராய்ச்சியில் நான்கு மாலைகள் கழிந்தன. எங்கள் பயணத் திட்டத்திலேயே மிக இனிமையான பகுதி அதுதான் என்று தோன்றுகிறது.

சிவகங்கையைச் சுற்றிப் பாருங்கள். தெற்கே இராமநாதபுரம், அது சில நாள்களுக்கு முன்பே நவாபின் கைக்குப் போய்விட்டது. வடக்கே புதுக்கோட்டைத் தொண்டைமான். நவாபுக்கும் கம்பெனிக்கும் உற்ற நண்பர். வடகிழக்கே தஞ்சை; அங்கே ஆண்ட மராட்டிய மன்னர் துளஜா, அதற்கு முந்திய ஆண்டான 1771-இல்தான் மறவர் சீமையின் மீது படையெடுத்தவர். அவருக்கும் நவாபுக்குமிடையே பகை இருந்தது உண்மை. ஆயினும் தம்மைக் காத்துக்கொள்ளவே திணறிய அவர் 1773-இல் நாட்டை இழந்தார். மேற்கே மதுரைக் கோட்டை. நவாபின் படை அங்கே. தென்மேற்கே தொலைவில் திருவாங்கூர். அந்த அரசரும் நவாபின் பக்கம். எல்லாக் கதவுகளும் அடைபட்டிருக்க, ஒரே ஒரு திசையில் மட்டும் நவாபின் எல்லை முடிந்து வேறோர் ஆட்சியின் எல்லை தொடங்கியது. அது வடமேற்கு. 1768-இல் ஆங்கிலேயரிடமிருந்து ஹைதர் அலி மீட்டுக்கொண்ட திண்டுக்கல் சீமை. அதற்குட்பட்ட பாளையங்களுள் ஒன்று விருப்பாட்சி. அதன் பாளையக்காரர் கோபால நாயக்கர்.

மதுரைக்கும் போகக் கூடாது. புதுக்கோட்டை எல்லைக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது திருப்பத்தூர், சிங்கம்புணரி, மேலூர், நத்தம் என்று நீளும் ஓர் இடைநிலம். அப்பால் சிறுமலைக்கும் கரந்தமலைக்கும் இடைப்பட்ட வழி திண்டுக்கல்லில் போய் முடிகிறது. கள்ளர் நாட்டை ஒட்டிய காடுகள் அவை. பெரும்படைகள் அஞ்சிய இடம். 1755 மே மாதம் மதுரையிலிருந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கர்னல் ஹெரானின் படை நத்தம் கணவாயில் பட்ட பாட்டை வரலாறு படித்தவர்கள் அறிவர். கோவில்குடியில் கொள்ளையடித்த தெய்வத் திருமேனிகளை மூட்டை முடிச்சுகளோடு ஏற்றிக்கொண்டு போனான். கள்ளர் அந்தக் கணவாயில் மடக்கித் தாக்கித் தங்கள் தெய்வங்களை மீட்டுச் சென்றனர். பீரங்கி வண்டிகளும் பொதி மாடுகளுமாக நீண்டு வரும் படைக்கு அந்தக் காடு எமன். பல்லக்கோ பரிவாரமோ இன்றி இரவில் நடக்கும் சிறு கூட்டத்துக்கு அதுவே தாய்மடி. நாச்சியார் இந்தப் பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும் என்பது எங்கள் நால்வரின் கருத்து. மேலூர் வழியே சென்றார் என்ற வழக்கும் இதற்கு மாறுபட்டதன்று.

ஆகவே படத்தில் கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகள் வைத்தோம். காளையார்கோவில், சிவகங்கை, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், விருப்பாட்சி. புள்ளிகளுக்கிடையே இன்றைக்கு இருக்கும் தார்ச்சாலையில் போவது. அது நாச்சியார் நடந்த தடம் என்று யாரிடமும் சொல்வதில்லை. போகும் வழி மட்டும் 200 கிலோமீட்டர் அளவுக்கு வரும். இளைஞர்கள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு நாளொன்றுக்கு நாற்பது என்று கணக்கு, ஐந்து நாள். வைகறைத் தொழுகையை முடித்துப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாதித் தொலைவு கடந்துவிடலாம். பிறகு பிற்பகல் வரை ஏதேனும் பள்ளிவாசலிலோ சத்திரத்திலோ மரநிழலிலோ ஓய்வு.

முதல் நாள்தான் எங்களுக்கு மிக நெருக்கமான நாள். காரைக்குடியிலிருந்து சிறுவயல், கல்லல் வழியாகக் காளையார்கோவில். சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு முற்பகலில் போய்ச்சேரலாம். இந்த முப்பது கிலோமீட்டரில் ஒரு பகுதியைத் தாண்ட முடியாமல் ஒரு வல்லரசின் படை ஒரு மாதம் திணறியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா?

அது நாச்சியார் மறைந்த பிறகு நடந்தது. 1796-இல் அவர் காலமானார். 1801 சூன் 16-இல் சின்ன மருது திருச்சிக் கோட்டைச் சுவரில் வெளியிட்ட அறிக்கை நாடறிந்தது. நால்வருணத்தாரையும் முசல்மான்களையும் பெயர் சொல்லி அழைத்து, எல்லாரும் ஒன்று சேர்ந்து ஐரோப்பியரை எதிர்க்க வேண்டுமென்று கேட்ட அறிக்கை அது. அந்தப் போரில் கர்னல் அக்னியூ படையோடு சிறுவயலை நெருங்கியபோது, மருதிருவர் தங்கள் ஊரைத் தாங்களே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் புகுந்தனர். சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரை அடர்ந்த முட்காடு. சூலை 31-ஆம் நாள் அக்னியூவின் ஆட்கள் கோடரியோடு இறங்கினர். ஆகஸ்டு முழுவதும் வெட்டினர். வெட்டுகிறவர்களைக் காக்க ஒரு படை. அந்தப் படையைக் காட்டுக்குள்ளிருந்து தாக்க மருதுவின் வீரர்கள். நோயும் சேர்ந்துகொண்டது. செப்டம்பர் தொடக்கத்தில் வேலையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்கள். பல பிரிவுகளாகப் பிரிந்து பல பக்கங்களிலிருந்து தாக்கிய பிறகே, அக்டோபர் 1-இல் காளையார்கோவில் வீழ்ந்தது. அதே மாதம் 24-ஆம் நாள் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியை மறு ஆண்டில் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-இல் அச்சான தம் நினைவுக் குறிப்புகளில் இவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்றும் அவர் எழுதுகிறார். கற்றுக்கொடுத்தவரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய படையில் கற்றுக்கொண்டவர்! படிக்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

அந்தக் காடு இன்று இல்லை. முள் மட்டும் இருக்கிறது. அதுவும் வேறு முள். சாலையின் இருமருங்கும் கண்மாய்க் கரையெங்கும் பரவியிருப்பது பிற்காலத்தில் வந்தேறிய சீமைக்கருவேல். மிதிவண்டிக்காரர்களுக்கு அக்னியூவின் துன்பத்தில் ஒரு சிறு பங்கு இன்றும் உண்டு என்று எங்கள் கடைக்கார நண்பர் சிரிப்பார். அவர் எழுதிக்கொடுத்த பட்டியல் நம் சட்டைப் பையில் இருக்கிறது: நால்வருக்கும் ஆளுக்கு இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் ஒரு டப்பா, இரண்டு பம்பு, ஸ்பானர், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய், மாற்று வால்வு. "டயர் மட்டும் புதுசாப் போடுங்க அத்தா, மத்தது எது போனாலும் நான் பாத்துக்கிறேன்" என்று அவருடைய மகன் நமக்கு உறுதி சொன்னான். கியர் வைத்த புதுவகை வண்டி வாங்கலாமா என்று துணி வணிகர் கேட்டதற்குக் கடைக்காரர் ஒப்பவில்லை. நத்தம் தாண்டிச் சிறிது ஏற்றம் வரும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் ஆயிற்று. பழைய வண்டியென்றால் கோபால்பட்டியிலும் சாணார்பட்டியிலும்கூடப் பழுது பார்க்க ஆள் கிடைக்கும் என்பது அவர் வாதம். வென்றது அவர்தான்.

திண்டுக்கல்லில் ஒரு நாள் முழுதும் தங்குவதென்று வைத்திருக்கிறோம். நம் வாசகர்கள் பலருக்கு அந்தக் கோட்டைக்குன்று தெரிந்திருக்கும். 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக அங்கே வந்த ஹைதர் அலியின் வளர்ச்சி தொடங்கியதே அந்தக் குன்றின் அடியில்தான். ஆனால் கோட்டையைவிட நாம் நின்று பார்க்க விரும்புவது பேகம்பூர். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடங்கியிருக்கிறார். ஊர்ப்பகுதிக்குப் பெயர் தந்தவர் அவரே. அவருடைய கணவர் மீர் ரசா அலிகான் என்னும் மீர் சாகிபு, 1772 முதல் 1782 வரை திண்டுக்கல் சீமையின் பொறுப்பில் இருந்தவர். ஆண்டுகளைக் கவனியுங்கள். நாச்சியார் விருப்பாட்சிப் பக்கம் அடைக்கலம் புகுந்திருந்த காலம் முழுவதும் அந்தச் சீமையை ஆண்டவர் மீர் சாகிபுதான். அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். நாயக்கரின் பாளையத்துக்குள் நவாபின் கை நீளாமல் இருந்ததற்குக் காரணம், அதற்குப் பின்னால் திண்டுக்கல் கோட்டையும் மைசூர்ப் படையும் நின்றதே. அது குறைவாகவே பேசப்படுகிறது.

1772 டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஹைதருக்கு மடல் விடுத்தார். 5000 குதிரைவீரரும் 5000 காலாட்களும் கேட்ட மடல். நாச்சியார் ஹைதரை நேரில் கண்டு உருது மொழியிலேயே தம் நிலையை எடுத்துரைத்தார் என்றும், அதைக் கேட்டு ஹைதர் வியந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. நம் மேடைகளில் இந்தக் காட்சியை மிக விரும்பிச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அந்தக் காட்சியோடு நிறுத்திவிட்டு உடனே 1780-க்குத் தாவிவிடுகிறார்கள். கேட்ட படை கேட்டவுடன் கிடைக்கவில்லை, எட்டாண்டு ஆயிற்று. அந்த எட்டாண்டுகளைத் தாவிக் கடப்பது நாச்சியாருக்கும் நியாயமன்று, ஹைதருக்கும் நியாயமன்று.

ஹைதர் ஏன் தாமதித்தார்? 1769-இல் சென்னையின் வாயில்வரை வந்து ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் அவர். அடுத்து மராட்டியர் தாக்கியபோது அந்த உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் துணைக்கு வரவில்லை. மராட்டியரிடம் இழந்த நிலங்களை மீட்பதிலும், குடகிலும் மலையாளக் கரையிலும் தம் ஆட்சியை நிலைநாட்டுவதிலும் அவருடைய அடுத்த ஆண்டுகள் கழிந்தன. 1779-இல் ஆங்கிலேயர் மாகியைக் கைப்பற்றினர். பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஹைதருக்குப் போர்த்தளவாடங்கள் வந்து இறங்கிய துறைமுகம் அது. 1780 சூலையில் அவர் கருநாடகச் சீமைக்குள் பெரும்படையோடு இறங்கினார். அந்தப் பெருவெள்ளத்தின் ஒரு கிளையாகத்தான் நாச்சியாரின் படையும் சிவகங்கைக்குத் திரும்பியது. எனவே ஹைதர் செய்தது அருள் மட்டுமன்று, அரசியலும் சேர்ந்தது. அதை ஒப்புக்கொள்வதால் அவர் பெருமை குன்றாது. நாட்டை இழந்து வந்த ஓர் அரசியையும் அவர் மகளையும் எட்டாண்டுகள் பகைவன் கையில் விடாமல் காத்ததும், தம் காலம் வந்தபோது கேட்ட உதவியை மறக்காமல் கொடுத்ததும் சிறிய செயல்களா?

விருப்பாட்சியில் கழிந்த அந்த எட்டாண்டுகளை எண்ணும்போதெல்லாம் நமக்கு நினைவுக்கு வருவது வெள்ளச்சிதான். சிறுமியாகப் போனவள் குமரியாகத் திரும்பினாள். தந்தையின் ஊரைவிட, மேற்கு மலையின் அடிவாரத்தைத்தான் அவள் அதிகம் அறிந்திருப்பாள். பக்கத்திலுள்ள தலையூத்து அருவியும், மலைவாழை விளையும் சரிவுகளும் அவள் கண்ணில் பட்டிருக்கக்கூடும். வரலாற்று நூல்கள் அவளுக்கு இரண்டு வரிகள்தாம் தருகின்றன.

எப்போது புறப்படுவது என்பதில் பெரிய வழக்கு நடந்தது. ஆசிரியர், அதே சூன் 25-ஆம் நாள் காளையார்கோவிலிலிருந்து புறப்பட வேண்டும் என்றார். நினைத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆனி மாதம். மேல்காற்று வீசும் பருவம். நாம் போவதோ மேற்கு நோக்கி. திண்டுக்கல்லைத் தாண்டி ஒட்டன்சத்திரம் பக்கம் போகப் போக, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளையே பின்னுக்குத் தள்ளும். இறங்கிச் செல்லும் சரிவிலும் மிதிக்க வேண்டியிருக்கும். கண்மாய்களில் தண்ணீரும் இராது. தை மாதமென்றால் மழை ஓய்ந்து ஊருணிகளெல்லாம் நிரம்பியிருக்கும். வாடைக் காற்று பக்கவாட்டிலிருந்து, சற்றே முதுகைத் தள்ளிவிடும். கடைக்காரர் இதையெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சொன்ன பிறகு ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் அந்தக் காற்றுக்கும் எதிராகத்தான் நாச்சியார் போயிருக்கிறார். மகளையும் கூட்டிக்கொண்டு" என்றார். அவ்வளவு காலம் படித்தும் அந்தக் காற்றை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. தை மாதமே முடிவாயிற்று.

இவ்வளவும் ஒழுங்கு செய்து முடித்த பின், கல்லூரியில் படிக்கும் நம் மகள் வயிற்றுப் பேத்தி ஒருநாள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நன்னா, தப்பிச்சுப் போனது ஒரு பொம்பளை. வழியைச் சொல்லாமச் செத்தது ஒரு பொம்பளை. போறது மட்டும் நாலு ஆம்பளைங்களா?"

விளையாட்டாகச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தோம். முடியவில்லை. அவளுடைய தாய் மிதிவண்டி ஓட்டக் கற்றது புதுக்கோட்டையில், 1991–92-இல் அறிவொளி இயக்கம் நடந்த நாள்களில். எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. குடிதண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு பெண்கள் சாலையில் போவதை அப்போது நின்று வேடிக்கை பார்த்தவர்களுள் நாமும் ஒருவர். நம் வீட்டிலேயே சிலர் அன்று முகம் சுளித்தார்கள். நாமும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இப்போது பேத்தி கேட்கும்போது, அன்று பேசாதிருந்தது நினைவுக்கு வருகிறது.

நான்கு பேர் ஆறு பேராகியிருக்கிறோம். பேத்தியும் அவள் தாயும் சேர்ந்திருக்கிறார்கள். நத்தத்திலும் சிங்கம்புணரியிலும் தங்க ஏற்பாடு செய்த இடங்களை மாற்றி, குடும்பத்தோடு தங்கக்கூடிய உறவினர் வீடுகளாகப் பார்க்க வேண்டியிருந்தது. துணி வணிகரின் சம்பந்தி வீடு ஒன்று நத்தத்தில் கிடைத்தது. சிங்கம்புணரிக்கு ஆசிரியர் தம் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். பதில் வர வேண்டும்.

கொல்லங்குடியை முதலில் நம் பட்டியலில் சேர்க்கவில்லை. காளையார்கோவிலிலிருந்து நேரே சிவகங்கைக்குப் போய்விடலாம் என்றிருந்தோம். பேத்தி அதையும் ஒப்பவில்லை. இரண்டாம் நாள் காலை அரியாக்குறிச்சிக்குப் போய், கோவிலுக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் இருந்துவிட்டு வருவதென்று இப்போது திட்டத்தில் எழுதியிருக்கிறோம். படத்தில் அங்கே ஒரு புள்ளியை அவளே வைத்தாள். அதிலிருந்து எந்தப் பக்கமும் கோடு இழுக்கவில்லை.